நிஜத் தீக்கு லைசென்ஸ் இல்லை

1

போன சனிக்கிழமை பினாங்கில், எங்கள் தமிழர் சங்க மண்டபத்தில், பத்துப் பேருக்கு முன்னால் நான் நாற்காலி மேல் ஏறி நின்று அலறினேன்.

சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுகிறோம். நாடகம் போடுகிற மண்டபத்துக்கு இங்கே நகரசபையின் லைசென்ஸ் வேண்டும். அதைப் புதுப்பிக்கும் முன் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். சீனர், நடுவயது, கக்கத்தில் ஒரு ஃபைல். நான் மூலையில் உட்கார்ந்து ராஜா வேடத்து அங்கிக்குச் சரிகை தைத்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்ததும் மலாய் மொழியில் ஏதோ சொன்னார். அதில் ஒரே ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது.

"பாம்பா!" என்று நாற்காலி மேல் ஏறிவிட்டேன்.

என் பதினோரு வயது மகள் திரேசா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அம்மா! பாம்பு இல்ல, பொம்பா. தீ அணைக்கிறவங்க. தீ வந்தா எப்படி வெளிய போவீங்கன்னு கேக்கிறாரு."

பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். மீன் விலை பேசுமளவுக்கு மலாய் வரும். அதற்கு மேல் போனால் இப்படித்தான். திரேசாவுக்கோ மலாய், ஆங்கிலம், பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைகளின் பேச்சு எல்லாமே தண்ணீர்பட்ட பாடு. தமிழை மட்டும் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள்.

அதிகாரி மண்டபத்தைச் சுற்றி வந்து பின்பக்கக் கதவருகே நின்றார். கதவு பூட்டியிருந்தது. அதன் முன்னால் மடக்கு நாற்காலிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. சாவி எங்கே என்று கேட்டார். செயலாளர் வீட்டில் என்றோம். செயலாளர் வீடு ஊரின் அந்தக் கோடியில். அதிகாரி ஏதோ சொல்ல, திரேசா எங்களிடம் திரும்பினாள். "சாவி வேணும்னா அது கதவு இல்லையாம். சுவராம்."

சங்கத்துக்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. ஏணி மேல் நின்று விளக்குக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்த என் கணவர் சவரிமுத்து மட்டும் சிரித்தார். நானும் சிரித்தேன். அடக்க முடியவில்லை. தன்னைக் கேலி செய்கிறோமோ என்று அதிகாரியின் முகம் சுருங்கியது. 'இப்படி ஒரு பூட்டிய கதவால்தான் எங்களுக்குக் கல்யாணமே நடந்தது' என்று விளக்க நினைத்து, தெரிந்த மலாயை எல்லாம் திரட்டிப் பேசினேன். நான் சொன்னதற்கு 'நான் ஒரு கதவைக் கல்யாணம் செய்துகொண்டேன்' என்று அர்த்தமாம். திரேசா வெட்கம் தாங்காமல் வெளியே ஓடிவிட்டாள்.

அன்று மாலை அவளாகவே வந்து, "எந்தக் கதவு?" என்று கேட்டாள். என் சொந்த ஊரைப் பற்றி அவள் தானாக ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு வந்த உற்சாகத்தில் உலையில் சோறு குழைந்ததுகூடத் தெரியவில்லை. அந்தச் சூடு ஆறுமுன் உங்களுக்கும் எழுதுகிறேன்.

2

இராமநாதபுரத்துக்கும் மண்டபம் ஊருக்கும் நடுவில், கடலோரத்தில் எங்கள் ஊர். பெயரை எழுதப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். பொன்னுச்சாமி வாத்தியாரின் நாடகக் கம்பெனி எங்கள் ஊரில் வந்து இறங்கியது. கடற்கரைப் பொட்டலில் சவுக்குக் கம்பு நட்டு, பனையோலை வேய்ந்து, சுற்றிலும் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி ஒரே வாரத்தில் கொட்டகை எழும்பிவிட்டது. உள்ளே கழுத்தளவுத் தட்டி ஒன்று நீளவாக்கில் ஓடியது. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். ஆண்களுக்கு இரண்டு வாசல், பெண்களுக்கு ஒன்று.

அந்த ஒற்றை வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மடத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். அய்யா கடலுக்குப் போகிறவர். அம்மா கருவாடு காயவைத்து இராமநாதபுரம் சந்தைக்குக் கொண்டுபோகிறவள். எங்கள் வீட்டில் உத்தியோகம் என்று ஒன்றைப் பார்த்த முதல் ஆள் நான்தான். முதல் பாட்டு தொடங்கியதும் பெண்கள் பக்கத்துக் கதவைப் பூட்டுவேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முன் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவேன். டிக்கெட் இல்லாமல் யாரும் நுழைந்துவிடக் கூடாது என்பது வாத்தியாரின் உத்தரவு. அத்தனை பெண்களும் என் இடுப்புச் சாவியை நம்பி உள்ளே அடைபட்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

சவரிமுத்து அந்தக் கம்பெனி ஆள். தூத்துக்குடிப் பக்கம். விளக்குகளும் தந்திரக் காட்சிகளும் அவர் பொறுப்பு. எரிகிற பந்தத்தில் குங்கிலியப் பொடியை வீசி மின்னல் வரவழைப்பார். நான் டிக்கெட் கிழிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவருக்குத் தினமும் ஏதாவது ஒரு விளக்கு பழுதாகிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது வாரம் வாத்தியார் ரோஸ் காகிதத்தில் நோட்டீஸ் அடித்தார். 'நிஜத் தீ! நிஜத் தீ! மேடையில் அரண்மனை பற்றி எரியும்! எரியும் அரண்மனைக்குள் புகுந்து ராணி குழந்தையை மீட்கும் அற்புதக் காட்சி!' ராணியாக நடிப்பவர் கமலவேணி. அவர் குரலுக்காகவே திருப்புல்லாணியிலிருந்தும் சிக்கலிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். இப்போது தீயும் சேர்ந்துவிட்டது! ஊர் தரையில் நிற்கவில்லை. வலை பின்னும் இடத்தில், கிணற்றடியில், பூசை முடிந்து கோயில் வாசலில், எங்கும் அதே பேச்சு.

3

பஞ்சாயத்து போர்டுக்கு எக்ஸிக்யூட்டிவ் ஆபீசராக அப்போதுதான் ஒருவர் வந்திருந்தார். பெயர் நடராஜன், அபிராமத்துக்காரர். ஊரில் எல்லாருக்கும் அவர் ஈ.ஓ. ஜனம் கூடுகிற கொட்டகைக்கு லைசென்ஸ் கொடுப்பதும் நிறுத்துவதும் அவர் கையில் இருந்தது. அவருக்கு முன் இருந்தவர்கள் மேசையில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டவர்கள். இவர் சைக்கிளில் வந்து கொட்டகை வாசலில் இறங்கினார்.

தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிகளில் வெற்றிலை எச்சில் நிறைந்திருந்தது. தண்ணீர்ப் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தார். கம்பெனிக் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டு அவரை முறைத்தது. மேடைக்குப் பின்னால் மிச்ச ஓலை மலையாகக் குவிந்து கிடந்தது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"இந்தக் கதவுச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான் சார்." எடுத்துக் காட்டினேன்.

"நாடகம் நடக்கும்போது நீங்க எங்கன இருப்பீக?"

"முன் வரிசையில சார். பாட்டு அங்கனதான் நல்லாக் கேக்கும்."

"கதவு எங்கன இருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். கதவு கடைசி வரிசைக்கும் பின்னால், வெகு தூரத்தில் இருந்தது. ஈ.ஓ. அதையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் உத்தரவு வந்தது. மேடையில் தீ கூடாது. பெண்கள் பக்கம் இன்னும் வாசல்கள் வைக்க வேண்டும். நாடகம் நடக்கையில் எந்தக் கதவையும் பூட்டக் கூடாது. அதுவரை லைசென்ஸ் நிறுத்தம்.

ஊர் கொதித்தது. பஞ்சாயத்து ஆபீசில் நிற்க இடமில்லை. நான் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு பார்த்தேன். பஞ்சாயத்து பிரசிடெண்ட் பெரிய நிலக்காரர். தீக்காட்சி பார்க்க மதுரையிலிருந்து சம்பந்தி வீட்டையே அழைத்திருந்தார்.

"என்ன தம்பி, கடல் கூப்பிடு தூரத்துல கிடக்கு. தண்ணிக்கா பஞ்சம்?" என்றார்.

"கடல் கொட்டகைக்கு வராதுங்க. ஆளுகதான் கடலுக்குப் போகணும். போறதுக்கு வழி இருக்கான்னு கேக்கிறேன்" என்றார் ஈ.ஓ.

"பிரசிடெண்டு நான் சொல்றேன். லைசென்ஸைக் குடுத்துருங்க."

ஈ.ஓ. ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். மேலே பேனாவை வைத்தார். "பூட்டின கதவோட நாடகம் நடக்கலாம், என்ன ஆனாலும் என் பொறுப்புன்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இப்பவே குடுக்கிறேன்."

பிரசிடெண்ட் தாளைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். ஜன்னலில் அடைந்து நின்ற எங்களைப் பார்த்தார். கையை மட்டும் நீட்டவில்லை.

பொன்னுச்சாமி வாத்தியார் முன்னால் வந்தார். நாடகத்தில் ராஜாவாகக் கர்ஜிக்கிற மனிதருக்குக் குரல் நடுங்கியது. "சார், முப்பது பேரு என்னை நம்பி இருக்காக. நாடகம் நின்னா அவுகளுக்குச் சோறு கிடையாது. எங்க ஜனம் வெளியேறணும்னா ஒரு நொடியில வெளியேறிரும் சார். வேணும்னா சோதிச்சுப் பாருங்க!"

"சரி, நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குச் சோதிப்போம்" என்றார் ஈ.ஓ. "கொட்டகை நிறைய ஆளு உக்காரட்டும். நான் விசில் ஊதுவேன். மூணு நிமிசத்துல காலியாச்சுன்னா, வாசலைப் பத்தி நான் வாயே திறக்கல."

4

தண்டோரா போட்டுச் சொன்னார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு வேடிக்கை அதற்கு முன் நடந்ததில்லை. நாடகம் கிடையாது, டிக்கெட் கிடையாது, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஊரே திரண்டது! நாடகமே பார்க்காத அம்மாகூடக் கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நாடக நாளில் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும் என்று ஈ.ஓ. சொல்லியிருந்தார். நான் கதவைப் பூட்டினேன். சாவியைச் செருகிக்கொண்டு முன் வரிசைக்குப் போனேன்.

விசில் கேட்டது. ஆண்கள் பக்கம் சிரிப்பும் கூச்சலுமாக வடிந்தது. "ஏலே, ஓடுங்கடா, தீ, தீ!" என்று கத்திக்கொண்டே குதித்தார்கள்.

பெண்களும் சிரித்துக்கொண்டுதான் எழுந்தார்கள். எல்லாரும் கதவைப் பார்த்து நடந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் இருந்தேன். "வழி விடுங்க, சாவி என்கிட்ட இருக்கு!" என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. முன்னால் போனவர்கள் கதவில் முட்டி நின்றார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியாது, தள்ளிக்கொண்டே இருந்தார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அலறலாக மாறியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு பெண் கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். கதவோடு கதவாக அம்மாவின் முகம் ஒரு கணம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. சாவியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஓர் அடிகூட நகர முடியவில்லை.

அப்போது பக்கத்துத் தட்டி கிழிந்து வெயில் உள்ளே பாய்ந்தது. வெளியே சவரிமுத்து அரிவாளோடு நின்றார். கீற்றைத் தாறுமாறாக வெட்டினார். மீனவர்கள் வெறுங்கையாலேயே தட்டியைப் பிய்த்து எறிந்தார்கள். பெண்கள் அந்த ஓட்டைகள் வழியாக மணலில் வந்து விழுந்தார்கள்.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு பேர் மயங்கிவிட்டார்கள். அம்மாவுக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்தது. எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஈ.ஓ. சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அம்மா மணலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைத் துடைத்தாள். "ஏத்தா, நெசமாவே தீ வந்திருந்தா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் எழுந்து வாத்தியாரிடம் போய்ச் சாவியை அவர் காலடியில் வைத்தேன். "இனிமே நான் பூட்ட மாட்டேன் வாத்தியாரே. வேற ஆளு பாத்துக்கங்க."

வாத்தியார் குனிந்து சாவியை எடுத்தார். பிறகு, "வேற ஆளு எதுக்குத்தா? பூட்டே வேண்டாம்" என்று அவரே போய்ப் பூட்டைக் கழற்றினார்.

5

இந்த இடத்தில் திரேசா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டிக்கு வலிச்சுதா?" என்று கேட்டாள். அம்மாச்சி என்று சொல்ல நான் பழக்கவில்லை. படத்தில் மட்டும் பார்த்த ஒருத்திக்காக அவள் கண் கலங்கியது. எனக்கு அது போதும்.

திங்கட்கிழமை சவரிமுத்து தன் கையாலேயே மண்டபத்தின் பின்கதவை மறைத்த நாற்காலிகளை அகற்றினார். பூட்டை எடுத்துவிட்டு உள்ளே இருந்து தள்ளினால் திறக்கிற தாழ் போட்டார். அனுமதித் தாள் வந்துவிட்டது.

மறுபடியும் ஊர்க்கதைக்கு வருகிறேன். சோதனைக்கு மறுநாள் காலையில் பெண்கள் கூட்டமாகக் கொட்டகைக்குப் போனார்கள். முன்னால் அம்மா, வீங்கின உதட்டோடு. "இங்கன ஒண்ணு வெட்டு. அங்கன ஒண்ணு. மேடைப் பக்கம் ஒண்ணு" என்று கைகாட்டக் காட்ட மீனவர்கள் வெட்டினார்கள். கதவே கிடையாது, சாக்குத் திரை மட்டும். பீப்பாயிலிருந்து கோழி வெளியேற்றப்பட்டது. மிச்ச ஓலையை அப்புறப்படுத்தினார்கள். எனக்கு வேலை போகவில்லை. நாடகம் முடியும்வரை வாசலிலேயே நிற்கும் வேலையாக மாறியது.

இரண்டாவது சோதனை! பெண்கள் பக்கம் காலியாகி நாங்கள் வெளியே நின்று குலவை போடுகிறோம், ஆண்கள் இன்னும் செருப்புத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஈ.ஓ. சிரித்ததை அன்றுதான் பார்த்தோம். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் அசையவே இல்லை. "நிஜத் தீக்கு லைசென்ஸ் இல்லை. ஓலைக் கொட்டகைக்குள்ள ஒரு பொறிகூடக் கூடாது."

"நோட்டீஸ் ஊர் ஊராப் போயிருச்சே சார்! ஜனம் என்னைச் சும்மா விடுமா?" என்றார் வாத்தியார்.

"ரெண்டு நாள் குடுங்க வாத்தியாரே. தீ இல்லாமத் தீ காட்டுறேன்" என்றார் சவரிமுத்து.

பழைய சிவப்புப் பட்டுச் சேலைகளை நான் நாக்கு நாக்காக வெட்டித் தைத்தேன். அவற்றுக்கு அடியில் கொல்லன் பட்டறைத் துருத்திகளை வைத்தார். பின்னால் சிவப்புக் கண்ணாடிக் கூண்டுக்குள் பெட்ரோமாக்ஸ் விளக்குகள். துருத்தியை மிதித்தால் பட்டு நாக்குகள் துடித்து எழும்பின. சாம்பிராணிச் சட்டியைக் கொட்டகைக்கு வெளியே மணலில் வைத்து, புகையைத் தகரக் குழாயில் உள்ளே விட்டார். கடைசியாக நாலு ஆட்களைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, காய்ந்த பனையோலையைக் கசக்கச் சொன்னார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓலை வீடு எரிவதைக் கேட்டவர்களுக்குத்தான் அது தெரியும். "எப்படி?" என்று என் முகத்தைப் பார்த்தார். சம்மதம் என்று நான் சொன்னது அந்தத் தீக்கு மட்டுமல்ல. அடுத்த தை மாதம் எங்கள் கல்யாணம் நடந்தது. அதற்கடுத்த மாதம் கப்பல் ஏறினோம்.

6

நாடக நாள். பொழுது சாய்ந்ததுமே கொட்டகை நிறைந்து வழிந்தது. ஈ.ஓ.வுக்கு ஆண்கள் பக்கம் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அம்மா மட்டும் உள்ளே வரவில்லை. "செத்தாலும் அந்தக் கொட்டகைக்குள்ள காலு வைக்க மாட்டேன்" என்று வாசலில் என்னோடு நின்றுகொண்டாள்.

வண்டிக்காரர்கள் ஊர் திரும்ப வேண்டுமென்று தீக்காட்சியை முதலிலேயே வைத்திருந்தார் வாத்தியார். மேடை இருண்டது. கறகறவென்று ஒரு சத்தம். அரண்மனைத் தூணின் அடியில் ஒரு சிவப்பு நாக்கு எட்டிப் பார்த்தது. பிறகு பத்து, பிறகு கூரை வரைக்கும்! புகை சுருண்டது. கமலவேணி கிரீடத்தோடு பாய்ந்து வந்து, தொட்டில் பொம்மையை வாரி அணைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடத் தொடங்கினார்.

"ஆத்தாடி, நெசமாவே பத்திக்கிச்சு!" என்று ஒரு குரல்.

நிஜத் தீ இல்லை என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் கொட்டகை மொத்தமும் எழுந்துவிட்டது. மறுபடியும் முதல் சோதனை மாதிரி ஆகிவிடுமோ என்று வாசல் திரையைத் தூக்கிப் பிடித்தேன். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள்! பிள்ளைகளை இடுப்பில் ஏற்றினார்கள். பக்கத்திலிருந்த கிழவிகளின் கையைப் பிடித்தார்கள். எந்த வாசல் அருகில் இருக்கிறதோ அந்த வாசலைப் பார்த்து நடந்தார்கள். ஒருத்தி ஒருத்தியைத் தள்ளவில்லை. சாக்குத் திரைகள் பறந்தன. கண்ணிமைக்கும் நேரத்தில் பெண்கள் பக்கம் காலி. ஆண்களும் வெளியே. உள்ளே ஈ.ஓ. மட்டும் நாற்காலியில் இருந்தார். பட்டுத் துணியையும் துருத்தியையும் காலையில் தொட்டுப் பார்த்தவர் அல்லவா! மேடையில் கமலவேணி. ஜனம் போனதே அவருக்குத் தெரியவில்லை. காலியான கொட்டகையைப் பார்த்து உருகிப் பாடிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாட்டுக்காரப் பிள்ளை உள்ள நிக்கிறா!" என்று யாரோ அலறினார்கள்.

என் பக்கத்தில் நின்ற அம்மாவைக் காணவில்லை. உள்ளே ஓடிக்கொண்டிருந்தாள். "அம்மா, அது பட்டு! பட்டு!" என்று கத்திக்கொண்டே நான் பின்னால் ஓடினேன். அவள் மேடையில் கை ஊன்றி ஏறிவிட்டாள். சிவப்பு நாக்குகளுக்குள் புகுந்து ராணியின் கையைப் பற்றினாள்.

கமலவேணி திடுக்கிட்டுக் கண் திறந்தார். "யக்கா, இது நாடகம்க்கா!"

"நாடகத்தை வெளிய வந்து ஆடு. வாத்தா!"

தரதரவென்று இழுத்துக்கொண்டு மேடைப் பக்கத்து வாசல் வழியாக மணலுக்கு வந்துதான் நின்றாள். கிரீடம் காதில் சரிந்திருந்தது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. கூட்டம் நெருங்கி வந்து சூழ்ந்துகொண்டது. சவரிமுத்து ஒரு முழம் பட்டுத் துணியை அறுத்துக்கொண்டு ஓடிவந்து எல்லாருக்கும் காட்டினார். ஆளுக்கு ஆள் தொட்டுப் பார்த்தார்கள். அப்போது கிளம்பிய சிரிப்பு கடல் வரைக்கும் கேட்டிருக்கும்.

கமலவேணி இடுக்கியிருந்த குழந்தையை அம்மாவிடம் காட்டினார். "இது பொம்மைக்கா. இதுக்காகவா நீங்க தீக்குள்ள வந்தீக?"

"அது பொம்மைன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. "நீ பொம்மை இல்லையே."

கமலவேணி பொம்மையை மணலில் வைத்தார். கிரீடத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். கொட்டகைக்குள் திரும்பிப் போகவில்லை. விட்ட இடத்திலிருந்து பாட்டை அந்த மணலிலேயே எடுத்தார். ஆணும் பெண்ணுமாக ஊர் அவரைச் சுற்றி உட்கார்ந்தது. நடுவில் தட்டி ஏதும் இல்லை. ஈ.ஓ.வும் வந்து ஓரத்தில் உட்கார்ந்தார். பாட்டு முடிகிறவரை அம்மா கமலவேணியின் கையை விடவே இல்லை.